சைக்கிளுக்கு வழிவிடுவது மக்களின் குணமா, சாலையின் குணமா?

நெதர்லாந்தில் இரண்டு வாரம் சைக்கிள் ஓட்டினீர்கள், ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரே நாளில் இரண்டு கார்கள் கைப்பிடியை உரசுவதுபோல் கடந்துபோயின. ஒருவர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டும் போனார். "டச்சுக்காரர்கள் இயல்பிலேயே பொறுமைசாலிகளா, ஆஸ்திரேலியர்கள் முரடர்களா, இல்லை எனக்குத்தான் அப்படி அமைந்ததா?" என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த மனநிலை ஒரு நாட்டின் ரத்தத்தில் ஊறியதா, அல்லது மாற்றக்கூடியதா? அதைத்தான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் போக்குவரத்துப் பொறியியல் படித்தவன். சாலைச் சந்திப்புகளை வடிவமைப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. வேலைக்காகத் தங்கிய நாடுகளில் எல்லாம் சைக்கிளில்தான் அலுவலகம் போய்வந்தேன். ஆகவே கீழே வருவதில் பாதி படிப்பு, பாதி சொந்த அனுபவம்.

டச்சுக்காரர்கள் பிறவியிலேயே அப்படி என்பது தவறு. இதை உறுதியாகச் சொல்லலாம், அவர்களுடைய வரலாறே சாட்சி. 1950-களிலும் 60-களிலும் அங்கே கார்கள் பெருகியபோது நகரங்கள் கார்களுக்காகத்தான் திருத்தப்பட்டன. உத்ரெக்ட் நகரில் பழைய கோட்டை அகழியின் ஒரு பகுதியில் தண்ணீரை வடித்துவிட்டு அங்கே அகலமான கார் சாலை போட்டார்கள். (அந்த அகழிக்கு 2020-இல்தான் தண்ணீர் திரும்ப வந்தது.) சைக்கிள் ஓட்டுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போனார்கள். 1971-இல் மட்டும் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது: 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. பெற்றோர் தெருவில் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் அரசு கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை அறிவித்தது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போன படங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1975-இல் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் பிறந்தது, அந்தப் பத்தாண்டிலேயே ஹேக், டில்பர்க் நகரங்களில் சோதனைச் சைக்கிள் பாதைகள் வந்தன. நீங்கள் பார்த்த பொறுமைக்கு வயது ஐம்பதுதான். அதற்கு முன்பு அதே மக்கள் அதே தெருக்களில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஐம்பது ஆண்டுகளில் மாறியது மக்களின் மனம் என்பதைவிட, மனத்துக்கு வேலையே இல்லாதபடி சாலை மாறியது என்பதே சரி. நெதர்லாந்தில் பொதுவாகக் கார் வேகமாகப் போகும் சாலையில் சைக்கிள் கிடையாது, அதற்குத் தனிப் பாதை இருக்கும். ஊருக்குள் சைக்கிளும் காரும் கலக்கும் தெருவில் காரின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 30 கி.மீ. ஆம்ஸ்டர்டாமில் 2023 டிசம்பர் முதல் பெரும்பாலான சாலைகளில் இதே வேகம்தான். 'கார் இங்கே விருந்தாளி' என்று பலகை வைத்த தெருக்களும் உண்டு. இரண்டும் சந்தித்தே ஆகவேண்டிய இடம் சாலைச் சந்திப்பு. அங்கே சைக்கிள் பாதையைக் கார் தடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கார் நீளம், அதாவது ஐந்து மீட்டர் தள்ளி வளைத்துவிடுவார்கள். திரும்புகிற கார் முதலில் தன் தடத்தைவிட்டு வெளியே வந்துவிடும், பிறகுதான் சைக்கிள் பாதையைச் சந்திக்கும். அதற்குள் அது நேராகத் திரும்பி நிற்பதால் கண்ணாடியில் தேட வேண்டியதில்லை, சைக்கிள் முன்கண்ணாடி வழியாகவே தெரியும். பின்னால் வருகிற கார்கள் அதை அவசரப்படுத்தவும் முடியாது, ஏனென்றால் அவை போகும் வழியில் இது நிற்கவில்லை. அந்த ஐந்து மீட்டரை வரைபடத்தில் போடுவதற்காக நான் எத்தனையோ கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன். இடம் வீண் என்பார்கள். வீணல்ல, ஓட்டுநர் யோசிப்பதற்கான இரண்டு விநாடி அங்கேதான் இருக்கிறது.

அங்கே போன முதல் வாரம் ஒரு சந்திப்பில் எனக்காகக் கார் நின்றது. பழக்கத்தில் கையைத் தூக்கி நன்றி சொன்னேன். ஓட்டுநர் குழப்பமாகப் பார்த்தார். தரையில் வெள்ளை முக்கோணங்கள் அவரைப் பார்த்து வரையப்பட்டிருந்தன. நிற்க வேண்டியது அவர் கடமை, நின்றார். நன்றிக்கு அதில் என்ன இருக்கிறது? பிரிட்டனில் நேர்மாறு. குறுகலான தெருவில் ஒரு கார் ஒதுங்கினால் கை தூக்க வேண்டும், தூக்காவிட்டால் மரியாதை தெரியாதவர். அந்தக் கையசைப்பு எனக்குப் பிடித்த பழக்கம்தான். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நடப்பது உபகாரம், உபகாரத்தை மறுக்கவும் செய்யலாம். சைக்கிள் ஓட்டுபவரின் பாதுகாப்பு அன்றைக்கு எதிரே வருபவரின் மனநிலையைப் பொறுத்திருக்கிற நாடும், பொறுத்திராத நாடும் இங்கேதான் பிரிகின்றன என்பது என் கருத்து.

இந்த விவாதத்தில் எப்போதும் ஒருவர் வந்து "நெதர்லாந்தில் எது நடந்தாலும் கார்காரர்தான் குற்றவாளி, அந்தப் பயத்தில்தான் ஒழுங்காக ஓட்டுகிறார்கள்" என்பார். பாதி தவறு. அவர்களுடைய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பேசுவது குற்றத்தை அல்ல, இழப்பீட்டை. மோட்டார் வாகனம் சைக்கிள்மீதோ நடந்து போகிறவர்மீதோ மோதினால், தவிர்க்கவே முடியாத நிகழ்வு என்று ஓட்டுநர் தரப்பு நிரூபிக்காதவரை, பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது பாதி இழப்பீடு உண்டு. அவர் 14 வயதுக்கு உட்பட்டவர் என்றால், வேண்டுமென்றே செய்ததற்கு ஒப்பான செயல் தவிர, முழு இழப்பீடு. பணத்தைக் கட்டுவது இன்ஷூரன்ஸ் நிறுவனம். யாரும் இதனால் சிறைக்குப் போவதில்லை. பிரான்சில் 1985-இல் வந்த பதாந்தேர் சட்டமும் இதே திசையில்தான் போகிறது. 16 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. மறுகோடியில் அமெரிக்காவின் அலபாமா, மேரிலேண்ட், வடக்கு கரோலினா, வர்ஜீனியா மாநிலங்கள். அங்கே பழைய விதி: விபத்தில் உங்கள் தவறும் சிறிதளவு இருந்தது என்று நிறுவப்பட்டால், கார்காரர் தவறு எவ்வளவு பெரிதானாலும் இழப்பீடே கிடைக்காமல் போகலாம். வாஷிங்டன் டி.சி.யிலும் இதே விதிதான் இருந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் அது பெரும் அநியாயம் என்று போராடி 2016-இல் அவர்களுக்கு மட்டும் மாற்றினார்கள்.

இந்தச் சட்ட வேறுபாடு நியாயத்துக்கு மிக முக்கியம். அடிபட்டுப் படுத்திருக்கும் குடும்பத்துக்கு அதைவிட முக்கியமானது வேறொன்றும் இல்லை. ஆனால் ஓட்டுநரின் காலை அது பிரேக்கில் வைக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சாலையில் அரை விநாடியில் முடிவெடுப்பவர் சட்டப் பிரிவை நினைப்பதில்லை. பிரான்சில் அந்தச் சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பாரிஸ் தெருக்கள் சைக்கிளுக்கு இணக்கமாக இருக்கவில்லை. அண்மையில் தனித் தடங்கள் போடப்பட்ட பிறகுதான் காட்சி மாறியது.

இனி ஆஸ்திரேலியா. உங்களுக்கு அமைந்தது தற்செயல் இல்லை. அங்கே 2019-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. 442 பேரிடம், சைக்கிள் ஓட்டுபவர்களை எந்த அளவு முழு மனிதராக நினைக்கிறீர்கள் என்று ஓர் அளவுகோலில் குறிக்கச் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 விழுக்காட்டினர் முழு மனிதருக்குக் கீழேயே குறித்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களிலும் 30 விழுக்காட்டினர் அப்படியே குறித்தார்கள். கீழே குறித்தவர்களே வேண்டுமென்று காரால் இடைமறிப்பது, பொருளை வீசுவது போன்றவற்றைச் செய்ததாக ஒப்புக்கொள்ளும் போக்கும் தெரிந்தது. இது ஒரு சிறிய மாதிரி, கேள்வித்தாள் ஆய்வு. ஒரு நாட்டின் மனத்தையே இதை வைத்து எழுதிவிட முடியாது. இருந்தாலும் என் அனுபவத்தோடு அது பொருந்துகிறது. அங்கே பல ஓட்டுநர்களுக்குச் சைக்கிள் என்றால் இறுக்கமான உடையும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு ஞாயிறு காலையில் கூட்டமாகப் போகும் ஆள்தான். முகம் தெரியாது. பள்ளிக்குப் போகும் மகளோ, கடைக்குப் போகும் பாட்டியோ அவர்கள் கண்ணில் படுவதில்லை. நெதர்லாந்தில் காருக்குள் இருப்பவர் நேற்றுச் சைக்கிளில் போனவர், நாளையும் போவார். அவர் குழந்தை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. அந்நாட்டில் மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம், பயணங்களில் கால்பங்குக்கு மேல் சைக்கிளில் நடக்கின்றன. 'அவர்கள்' என்று சுட்ட அங்கே தனியாக ஒரு கூட்டம் இல்லை.

இங்கே ஹெல்மெட் சண்டை வரும், சுருக்கமாகத் தாண்டுகிறேன். 1990 ஜூலையில் விக்டோரியா மாநிலம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது, 1992-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. கீழே விழும்போது ஹெல்மெட் தலையைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. அதைச் சட்டமாக்கியது சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கையைக் குறைத்ததா, எவ்வளவு குறைத்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் ஓர் உளவியலாளர் தன் சைக்கிளில் அளவுக்கருவி பொருத்தி 2,300-க்கும் மேற்பட்ட ஓவர்டேக்குகளை அளந்து, ஹெல்மெட் அணிந்திருந்தபோது கார்கள் சராசரியாக 8.5 செ.மீ. நெருங்கி வந்தன என்று 2007-இல் வெளியிட்டார். அதே தரவை மறு ஆய்வு செய்தவர்கள், அந்த வேறுபாட்டுக்குப் பாதுகாப்பு நோக்கில் பெரிய பொருள் இல்லை என்றார்கள். யாராவது இதை முடிந்த முடிவாக உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இப்போது முந்திச் செல்லும் இடைவெளி சட்டத்தில் இருக்கிறது: 60 கி.மீ. வேகம் வரையுள்ள சாலையில் ஒரு மீட்டர், அதற்கு மேல் ஒன்றரை மீட்டர். உங்களை உரசிப் போனவர்கள் மரியாதையை மட்டும் மீறவில்லை.

பிரிட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சண்டை கோபத்தில் மட்டும் நடப்பதில்லை, பொருளறியாமையிலும் நடக்கிறது. சைக்கிள் பயிற்சியில் அங்கே குறுகிய இடங்களில் தடத்தின் நடுவில் ஓட்டச் சொல்லித்தருகிறார்கள். ஓரமாகப் போனால் இடமே இல்லாத இடத்தில் கார் முந்த முயலும் என்பதால். பின்னால் வரும் ஓட்டுநருக்கு அது தெரியாது. "வேண்டுமென்றே மறிக்கிறான்" என்று நினைக்கிறார். அடுத்து வருவது "நான் சாலை வரி கட்டுகிறேன்" என்ற வசவு. சாலைக்கென்று தனியாக ஒதுக்கிய வரி அங்கே 1937-லேயே முடிந்துவிட்டது; இப்போது கட்டுவது வாகன வரி, சாலைகள் பொது வரிப்பணத்தில் நடக்கின்றன, அதைச் சைக்கிள் ஓட்டுபவரும் கட்டுகிறார். 2022 ஜனவரியில் 'ஹைவே கோட்' என்ற சாலை விதிநூலைத் திருத்தி, அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்துக்கே அதிகப் பொறுப்பு என்றார்கள். முந்தும்போது ஒன்றரை மீட்டர், கார்க் கதவைத் தொலைவிலுள்ள கையால் திறப்பது ஆகியவையும் அதில் வந்தன. கதவு ஓட்டுநரின் வலப்பக்கம் இருந்தால் இடக்கையால் திறக்க வேண்டும், அப்போது உடல் தானாகத் திரும்பிப் பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். நல்ல விதிகள். உரிமம் வாங்கி இருபது ஆண்டு ஆனவர்கள் விதிநூலைத் திரும்பப் பிரித்துப் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

விதி மாறினாலும் நினைவு மாறாது என்பதை ஜெர்மனியில் நேரிலேயே கண்டேன். அங்கே முன்பு சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் போக வேண்டும் என்பது பொது விதி. 1998-இல் அது தளர்ந்தது. நீல வட்டப் பலகை இருந்தால் மட்டுமே கட்டாயம். பலகை இல்லாத ஒரு சாலையில், வேர்கள் பிளந்த பழைய பாதையை விட்டுக் கார் தடத்தில் போனேன். ஒரு முதியவர் காரை மெதுவாக்கி, கோபமில்லாமல், ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வதுபோல், "பாதை அங்கே இருக்கிறது" என்றார். அவர் என்மேல் வெறுப்பில் சொல்லவில்லை, விதியைக் காப்பாற்றுவதாக நினைத்தார். ஜெர்மனியில் உரசல்கள் பெரும்பாலும் இப்படித்தான். எதிர்த்திசையில் ஓட்டினால் சக சைக்கிள்காரரே கண்டிப்பார், நள்ளிரவு வெற்றுச் சாலையிலும் பலர் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள். பதிலுக்கு நீங்கள் உங்கள் முறையில் போனால் அந்த முறையை மதிப்பார்கள். முந்திச் செல்ல ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் என்று 2020-இல் எழுதியே வைத்துவிட்டார்கள்.

ஜப்பானில் கார்களோடு உரசல் குறைவு என்று போனவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் காரணம் வேறு. 1970-களிலிருந்து சைக்கிள்கள் நடைபாதையில் போக அனுமதிக்கப்பட்டதால் உரசல் கார்களிடமிருந்து நடப்பவர்களிடம் இடம் மாறியது. சட்டப்படி அங்கே சைக்கிள் ஒரு வாகனம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் காவல்துறை அதைச் சாலைக்குத் திருப்ப முயல்கிறது. அங்கே எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. கார் வைத்திருப்பவர் நிறுத்த இடம் இருப்பதை நிரூபிக்க வேண்டும், இரவில் தெருவில் விட முடியாது. அதனால் குடியிருப்புத் தெருக்களில் வரிசையாக நிற்கும் கார்களே இல்லை. திடீரென்று கதவு திறக்கும் பயமும் இல்லை, பார்வை மறைப்பும் இல்லை.

ஸ்பெயினிலும் பிரான்சின் மலைச்சாலைகளிலும் மரியாதை வேறு கதவு வழியாக வருகிறது: சைக்கிள் பந்தயத்தின் மீதுள்ள மதிப்பு. ஏற்றத்தில் மூச்சிரைக்க ஏறுபவருக்குப் பின்னால் லாரியே பொறுமையாக வரும். ஸ்பெயின் சட்டத்தில், கூட்டமாகப் போகும் சைக்கிள்காரர்கள் முன்னுரிமை விஷயத்தில் ஒரே வாகனமாகக் கருதப்படுகிறார்கள். முதல் ஆள் ரவுண்டானாவுக்குள் நுழைந்துவிட்டால் கடைசி ஆள் கடக்கும்வரை கார் நிற்க வேண்டும். அதே நாட்டில் நகரத்துக்குள் நிலைமை அப்படி இருக்கவில்லை. வெயில் கொளுத்தும், சைக்கிள் பழக்கமே இல்லாத செவில் நகரம், 2006-க்குப் பின் நான்கைந்து ஆண்டுகளில் 80 கி.மீ.க்கு மேல் இணைப்பு விடாத தடம் போட்டது, ஓட்டுபவர்கள் பல மடங்கானார்கள். குணம் என்றால் அவ்வளவு விரைவில் மாறியிருக்காது.

எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு கூடும் என்றும் படித்திருப்பீர்கள். 2003-இல் வந்த ஓர் ஆய்வு, சைக்கிள் ஓட்டுவோர் இரு மடங்கானால் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. பல நாடுகளில் இந்தத் தொடர்பு தென்படுகிறது. எது காரணம், எது விளைவு என்பதுதான் தீராத வழக்கு. ஆட்கள் கூடியதால் ஓட்டுநர்கள் கவனமானார்களா, பாதை நன்றாக இருந்ததால் ஆட்கள் கூடினார்களா? இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றே நினைக்கிறேன். நெதர்லாந்தையும் சொர்க்கமாக எண்ண வேண்டாம். 2017 முதல் பல ஆண்டுகளில் அங்கே கார்களுக்குள் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் அதிகம். பெரும்பாலும் முதியவர்கள், பலர் மின்சைக்கிளில் போனவர்கள். மரியாதையும் உயிர்ப் பாதுகாப்பும் ஒன்றல்ல.

ஆஸ்திரேலியாவில் தொடர்ந்து ஓட்டலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஓட்டுங்கள். ஒரு புதிய நாட்டில் முதல் நாள் நான் செய்வது, சந்திப்பில் அரை மணி நேரம் நின்று அந்த ஊர்க்காரர்கள் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்ப்பது. டென்மார்க்கில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் நேராகக் கடந்து, எதிர்மூலையில் நின்று, பிறகு திரும்புவார். நிற்கப்போகிறேன் என்பதற்குக் கையை உயர்த்துவார். நீங்கள் இருக்கும் ஊரில் இடப்புறம் ஓட்டுவதால் அது கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறும்: வலப்பக்கம் திரும்ப, நடுத் தடத்துக்கு நகர வேண்டாம், இட ஓரமாகவே கடந்து எதிர்மூலையில் காத்திருந்து அடுத்த பச்சையில் போகலாம். தடைப் பலகை இல்லாத சந்திப்புகளில் ஆஸ்திரேலிய விதி இதைச் சைக்கிளுக்கு அனுமதிக்கிறது. ஒரு விளக்கு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி ஓட்டுங்கள், ஓரத்தில் ஒண்டாதீர்கள். நெருங்கி உரசிய அந்தச் சாலைக்கு இணையாக ஓடும் குடியிருப்புத் தெரு ஒன்று வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் கூடுதலானாலும் நான் அதில்தான் போவேன்.